ஏலக்கிட்டங்கியில் வாய் ஊதிய காலம்

போடியில் ஏலக்காய்க் கிட்டங்கிக்கு நான் காய் பொறுக்கப் போன சமயம் இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் ரயில் தண்டவாளத்தைக்கூட யுத்தத்துக்கு வேண்டுமென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் அந்த நாட்களை நினைத்தால் எனக்கு யுத்தம் ஞாபகம் வருவதில்லை. கூரையில் பதித்திருந்த கண்ணாடி ஓடுகள் வழியாக இறங்கிய வெயில்தான் ஞாபகம் வருகிறது. காலையில் அது மேற்குச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் பொறுக்கப் பொறுக்கச் சுவரை விட்டு இறங்கித் தரையில் நகர்ந்து, உச்சிக்கு வந்ததும் காய்க் குவியல் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். பச்சைக் காயெல்லாம் அப்போது ஈரம் பட்ட மாதிரி மினுங்கும். கை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். தூங்குகிறோமா வேலை செய்கிறோமா என்று நமக்கே தெரியாது.

மலையிலிருந்து போடிமெட்டுக் கணவாய் வழியாகக் கழுதைப் பொதியில் காய் இறங்கும். கழுதைக் கழுத்து மணி கேட்டாலே எங்களுக்கு அன்றைய வேலை வந்துவிட்டது என்று தெரியும். மூட்டையைக் கிட்டங்கி நடுவில் கொட்டுவார்கள். குவியலைச் சுற்றி நாங்கள் பெண்கள் வட்டமாக உட்காருவோம். காம்பைக் கிள்ளி, நல்ல பச்சைக் காயைத் தனியாக, வெளிறியதைத் தனியாக, வெடித்ததைத் தனியாகச் சொளகில், அதாவது முறத்தில், பிரித்துப் போடுவதுதான் வேலை. சொளகு நிறைந்தால் அந்தந்தச் சாக்கில் கொட்டுவோம். எது யார் பொறுக்கிய காய் என்று யாரும் பார்ப்பதில்லை. என் பச்சையில் ஒரு வெடிகாய் விழுந்தால் பக்கத்தில் இருப்பவள் கை நீட்டி எடுத்துப் போடுவாள். அவளுடையதில் விழுந்தால் நான் எடுப்பேன். இதற்கெல்லாம் சட்டம் ஒன்றும் கிடையாது. அரிப்பெடுத்தால் சொறிந்துகொள்கிற மாதிரி அதுபாட்டுக்கு நடக்கும்.

அந்த வாசத்தை எப்படிச் சொல்வது? முதல் வாரம் தலை கிறுகிறுத்தது. அப்புறம் வாசமே தெரியாமல் போய்விட்டது. எனக்குத்தான் தெரியவில்லை, ஊருக்குத் தெரிந்தது. தெருவில் நடந்தால் நாய்கூட நின்று மூக்கைத் தூக்கும். நான் பழைய சோற்றைப் பிசைந்து வைத்தால், "பாயாசம் வந்துருச்சுடா, பாயாசம் வந்துருச்சு" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். குளித்தாலும் போகாது. தலைமுடியில் இருக்கும், நகக்கண்ணில் இருக்கும், மூச்சில் இருக்கும்.

கிட்டங்கியில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் உட்கார்ந்து முதல் சொளகு நிறைகிற வரைக்கும் முந்தின இரவு கண்ட கனவைத்தான் பேச வேண்டும். மாமியார் சண்டை, மாட்டுக்குக் கழிச்சல், அரிசி கிடைக்காத கதை எல்லாம் அதற்குப் பிறகுதான். யார் ஆரம்பித்து வைத்தார்களோ, நான் சேரும்போதே அது இருந்தது. ஒருத்தி கனவில் வீரபாண்டித் திருவிழா ராட்டினத்தில் ஏறியிருப்பாள், இறங்க முடியாமல் விடிகிற மட்டும் சுற்றியிருப்பாள். இன்னொருத்தி கனவில் முல்லையாற்றில் தண்ணீருக்குப் பதிலாக நெல் ஓடியிருக்கும், அள்ளுவதற்கு அவளிடம் பாத்திரம் இருந்திருக்காது. அள்ள முடியாமல் போன நெல்லுக்காக நாங்கள் எல்லோரும் உண்மையாகவே வருத்தப்படுவோம்.

எனக்குக் கனவே வராது. படுத்தால் கட்டை மாதிரிக் கிடப்பேன். என் முறை வரும்போது தலையைக் குனிந்துகொண்டு காம்பு கிள்ளுவேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்தான் என்னைக் காப்பாற்றினாள். அவள் சிலமலை என்ற பக்கத்து ஊரிலிருந்து விடிகாலையில் நடந்து வருகிறவள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். உறவு ஒன்றும் இல்லை. கிட்டங்கியில் நாங்களாக வைத்துக்கொண்ட முறையில் அவள் எனக்கு மதினி.

"இவ கனவு எங்கிட்ட இருக்கு. விடியிறப்ப வழி தப்பி எங்க ஊருப் பக்கம் வந்துருச்சு. இந்தா சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பிப்பாள்.

நான் மலை உச்சிக்கு ஏறிப் போய் மேகத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வருகிறேனாம். வீட்டுக்கு வந்து அவிழ்த்தால் என் மாமியார் படியை எடுத்துக்கொண்டு வந்து, இது எத்தனை படி தேறும் என்று கேட்கிறாராம். இப்படித் தினம் ஒன்று. அவள் சொல்லச் சொல்ல, அது நிஜமாகவே நான் கண்ட கனவுதான் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிடும். மேகத்தின் குளிர்ச்சிகூட இடுப்பில் தெரியும். வீட்டில் எனக்கென்று தனியாக ஒரு பெட்டி கிடையாது, ஒரு மூலை கிடையாது. கனவு மட்டும் தினம் புதிதாகக் கிடைத்தது. அதற்காகவே நான் சூரியன் வருமுன் எழுந்து ஓடினேன். கூலிக்காக ஓடினேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை.

முதலாளிக்குக் காலில் வாதம் வந்து அவர் வீட்டோடு படுத்த வருஷம் ஒரு மானேஜர் வந்தார். மதுரைப் பக்கம் ஏதோ மில்லில் இருந்தவராம். சட்டைப் பையில் பேனா, கையில் குடை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் குடையை விரிக்க மாட்டார், அதை வைத்து எங்களைச் சுட்டிக்காட்டத்தான் வைத்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, கூலியில் கை வைத்ததில்லை. வட்டமாக உட்கார்ந்து பெண்கள் பேசிக்கொண்டே வேலை செய்வதைக் கண்டால் அவருக்கு உடம்பு கூசியது, அவ்வளவுதான்.

முதலில் வட்டத்தைக் கலைத்தார். எங்களை வரிசையாகச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார். ஆளுக்கு ஒரு சிறு குவியல், ஆளுக்கு ஒரு சொளகு. வேலை நேரத்தில் பேச்சுக் கூடாது. மதினி மட்டும் சுவரைப் பார்த்தபடியே உதட்டை அசைக்காத மாதிரி எனக்குக் கனவு சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி காதில் விழும், பாதி விழாது. விழாத பாதியை நான் வீட்டுக்குப் போகும் வழியில் இட்டுக்கட்டிக்கொள்வேன்.

பிறகு மானேஜருக்குச் சந்தேகம் வந்தது. நாங்கள் காயை வாயில் போட்டுக்கொள்கிறோமாம். ஐயோ சாமி! நாள் முழுக்க ஏலத்தில் கிடந்தவளுக்கு அதைக் கடிக்க ஆசை வருமா? எங்களுக்கெல்லாம் வாய் கேட்டது உப்பும் பச்சை மிளகாயும்தான். அதை அவரிடம் யார் சொல்வது? சாயங்காலம் வாசலில் ஒரு முக்காலி போட்டு, கிட்டங்கி கூட்டுகிற அம்மாளை அதில் உட்கார வைத்தார். நாங்கள் ஒவ்வொருத்தியாக அந்த அம்மா முன்னால் குனிந்து வாயைத் திறந்து ஊத வேண்டும். அந்த அம்மா மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மானேஜர் மரியாதையாகத் தள்ளி நின்றுகொண்டு, "ம், அடுத்தது" என்பார்.

முதல் நாள் அந்த அம்மா பாவம், உள்ளதைச் சொன்னார். "வாசம் வருதுங்க." அடுத்தவளுக்கும் "வருதுங்க." அதற்கடுத்தவளுக்கும் "வருதுங்க." ஏலக்கிட்டங்கியில் ஏல வாசம் வராமல் தாழம்பூ வாசமா வரும்? நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மானேஜர் சிரிக்கவில்லை. குடையைத் தரையில் தட்டி, "யார்கிட்ட ரொம்ப வருதோ அதைச் சொல்லு" என்றார்.

அதிலிருந்து எங்களுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தினம் யாராவது ஒருத்தியை அந்த அம்மா கை காட்டியாக வேண்டும். நேற்று வரை கஞ்சியைப் பகிர்ந்து குடித்த அம்மா, கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பார். கை காட்டப்பட்டவளின் மடியை உதறச் சொல்வார்கள், கொண்டையை அவிழ்க்கச் சொல்வார்கள். ஒன்றும் இருக்காது. மறுநாள் வேறொருத்தி.

ஒரு நாள் மதினியைக் கை காட்டினார். அவளிடம் வாசம் அதிகம் வந்தது நிஜமாகவே இருக்கும். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பொறுக்கிய இடத்தில் அவள் ஒருத்திதான் எனக்காக வாயைத் திறந்து பேசிக்கொண்டிருந்தாள். ஏலத் தூசி உள்ளே போகாமல் என்ன செய்யும்? மடியை உதறினாள், கொண்டையை அவிழ்த்தாள், ஒன்றும் இல்லை. மானேஜருக்கு அன்றைக்கு என்ன கோபமோ, ஒரு பீங்கான் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். தண்ணீர் கொடுத்து, வாயைக் கொப்பளித்து அதில் துப்பச் சொன்னார். தொலியோ விதையோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். எங்கள் எல்லோருக்கும் முன்னால், கொண்டை அவிழ்ந்து தொங்க, அவள் கொப்பளித்துத் துப்பினாள். வெறும் தண்ணீர். மானேஜர் குனிந்து பார்த்துவிட்டு, "முழுங்கிருப்பே" என்றார்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். முடியை முடிந்துகொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். மறுநாள் அவளுடைய சொளகு சுவரோரம் காலியாகக் கிடந்தது. அதற்கு மறுநாளும் கிடந்தது.

அவள் போன பிறகு எனக்கு அந்த இடம் விட்டுப்போயிற்று. வேலைக்குப் போனேன், போகாமல் எப்படி? ஆனால் கண்ணாடி ஓட்டு வெயில் நகரவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. முன்பெல்லாம் அது குவியல் மேல் ஏறும்போது நிமிர்ந்து பார்த்து, அட, உச்சி வந்துவிட்டதா என்று ஆச்சரியப்படுவோம். இப்போது சுவரில் அது இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை மெதுவாகிவிட்டது. எனக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. பக்கத்துச் சொளகில் வெடிகாய் விழுவது கண்ணில் படும், கை போகாது. அது என் சொளகு இல்லையே. என் சொளகில் விழுந்தாலும் குனிந்து தேட அலுப்பாக இருந்தது. எப்படியும் திருடிதானே நான், திருடி எதற்கு இவ்வளவு பாடுபட வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். என் கைமீதே எனக்கு வெறுப்பாக இருந்தது.

ஒரு தடவை சந்தையில் மதினியைப் பார்த்தேன். பருத்தி எடுக்கப் போவதாகச் சொன்னாள். கையெல்லாம் பருத்திக்காய் ஓடு கீறிய தழும்பு. கிட்டப் போய் நின்றபோதுதான் கவனித்தேன், அவள் மேல் பருத்தி வாசம்தான் அடித்தது, ஏல வாசம் இல்லை. வேறு யாரோ மாதிரி இருந்தாள்.

"திரும்பி வா மதினி. ஒனக்குப் பதிலா யாரும் அங்கன ஒக்காரல" என்றேன்.

"எதுக்கு? வாயைத் தொறந்து காட்டவா?" என்றாள். "பருத்திக் காட்டுல முள்ளு குத்துது. குத்துனா ரத்தம் வருது, தொடைச்சுக்கிறேன். போயிருது. நீ போ, ஒன் பொழப்பைப் பாரு."

எனக்கு அழுகை வந்தது. நடுச்சந்தையில் கத்தரிக்காய்க் கூடைகளுக்கு நடுவில் நின்று அழுதேன். அவள் என்னை அப்படியே விட்டுவிட்டுப் போகவில்லை. அழுது முடிக்கிற வரை பக்கத்தில் நின்றாள். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை.

மழை விட்டு மலையில் வெயில் காய ஆரம்பித்த சமயத்தில் மதுரை வியாபாரி சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். பச்சையோடு வெடிகாயும் வெளிறியதும் கலந்து கிடந்ததாம். பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் கரியில் ஓடிய லாரி ஒன்று இருமிக்கொண்டே வந்து அத்தனை மூட்டையையும் எங்கள் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போயிற்று. மறுநாள் முதலாளி தடியை ஊன்றிக்கொண்டு கிட்டங்கிக்கு வந்தார். இளைத்துப் போயிருந்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த எங்கள் முதுகுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னாத்தா இது, எல்லாரும் எம்மேல கோவமா இருக்கீகளா? மொகத்தைக் காட்ட மாட்டேங்கிறீக" என்றார்.

யாரும் திரும்பவில்லை. எனக்கு முன்கோபம் அதிகம். வீட்டில் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. அன்றைக்கும் அதுதான் என்னை எழுப்பி நிறுத்தியது.

"மொதலாளி, தெனமும் பொழுது சாயிறப்ப ஒருத்தர் ஒங்க வாயைத் தொறக்கச் சொல்லி மோந்து பாத்தா, மறுநா கிட்டங்கிக்கு வர ஒங்களுக்குக் காலு வருமா? எங்களுக்கு வரல. வவுறு இழுத்துக்கிட்டு வருது. கையி வரமாட்டேங்குது" என்றேன்.  மதினியைத் துப்பச் சொன்னதையும் சொன்னேன், பீங்கான் தட்டையும் சொன்னேன்.

முதலாளிக்கு இதெல்லாம் தெரியாது என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மானேஜர் பக்கம் திரும்பினார்.

"ஏல வாசம் வந்ததுங்கய்யா. அதனாலதான் சோதிச்சோம்" என்றார் மானேஜர்.

"அப்படியா?" என்று கேட்டுவிட்டு முதலாளி, கிட்டங்கி கூட்டுகிற அம்மாளைக் கூப்பிட்டார். "ஆத்தா, இங்கன வா. இவர் ஊதுவாரு. மோந்து பாத்து எங்கிட்டச் சொல்லு."

மானேஜர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். முதலாளி விடுவதாக இல்லை. மனுஷன் வேறு வழியில்லாமல் குனிந்து ஊதினார். அந்த அம்மா, அத்தனை நாளாக எங்களிடம் எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு மோந்தாரோ அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு மோந்தார்.

"வருதுங்க. ரொம்ப வருதுங்க" என்றார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லோருமே சிரித்தோம். எத்தனை நாளைக்கு அப்புறம் அந்தக் கூரைக்குக் கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது! முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஏதோ அவமானப்பட்டவர் மாதிரித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த முக்காலியை எடுத்து உள்ள போடுங்க. பொம்பளைகளை எப்பவும் போல ஒக்கார விடுங்க" என்றார். மானேஜர் அதன் பிறகு கணக்கு அறையோடு நின்றுகொண்டார். குடை எங்கள் பக்கம் நீளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சிலமலைக்கு நடந்தேன். விட்ட மழை திரும்பி வந்த மாதிரி வழியெல்லாம் சாரல், மலை இருக்கிற இடமே தெரியவில்லை, தலைக்கு மேல் வெள்ளையாக எதுவோ நகர்ந்துகொண்டிருந்தது. மதினி வீட்டு முற்றத்தில் பருத்தி காயப்போட்டதை அள்ளிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். மானேஜர் ஊதியதைச் சொன்னபோதுகூட அவள் சிரிக்கவில்லை.

"அவுக கூப்பிட்டாகளா?" என்றாள்.

"இல்ல. நாந்தான் கூப்பிடுறேன்" என்றேன்.

அவள் அள்ளிய பருத்தியைத் திண்ணையில் வைத்தாள். அப்புறம், "உள்ள வா. நனையிறியே" என்றாள்.

மறுநாள் அவள் வந்தாள். குவியலைச் சுற்றி இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி காயை அள்ளி மூக்கருகே கொண்டுபோய்விட்டுச் சொளகில் போட்டாள். அன்றைக்கு முழுக்க என்ன பேசினோம் என்று எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. நிறையப் பேசினோம். கை முன்னைப் போலத் தன்பாட்டுக்குப் போயிற்று. வெயில் எப்போது குவியலில் ஏறியது, எப்போது இறங்கிப் போனது என்று தெரியவில்லை. மெட்டிலிருந்து மறுநாளைக்கான பொதியோடு கழுதை மணி இறங்கி வருவது கேட்டபோது சாயங்காலமாகியிருந்தது.

எழுந்தோம். சேலையை உதறிக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, பேசிக்கொண்டே வாசலுக்கு வந்தோம். வாசலில் யாரும் இல்லை. முக்காலி இல்லை, மானேஜர் இல்லை. வெளியே தெரு திறந்து கிடந்தது. முன்னால் போனவள் நின்றாள். அவளுக்குப் பின்னால் அடுத்தவள் நின்றாள். அதற்குப் பின்னால் நானும் நின்றேன். பேச்சு தானாக நின்றுபோயிற்று. ஒருத்தர் பின்னால் ஒருத்தராக நாங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். என் வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

மதினி கடைசியாக வந்தாள். சோம்பல் முறித்துக்கொண்டே எங்களைத் தாண்டி நடந்து, நிலைப்படியைக் கடந்து தெருவில் இறங்கினாள். நாலடி போனவள் பின்னால் யாரும் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் அங்கனயே நிக்கிறீக?" என்று கேட்டாள்.